மூச்சு ரெடி... முழங்கால் ரெடியா?

திருத்தணி முருகன் கோயிலுக்கு எத்தனை படிகள் என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்துக் குழந்தைகள்கூடச் சொல்லிவிடும்... 365! வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31-ம் தேதி நடக்கும் திருப்படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, புது வருஷத்தை வரவேற்பது வழக்கம்.

நாளுக்கு ஒரு படி! மலையேறி உடம்பைச் சரிசெய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. ஆனால், நாம் என்ன செய்கிறோம்?

'இந்த வருஷம் தொப்பையைக் குறைச்சே தீரணும்' என்று ஒரு சபதம். அதற்காக ஒரு புது ஷூ. ஆபீஸில் யாராவது, 'வெள்ளியங்கிரி போறோம் சார், வர்றீங்களா?' என்று கேட்டதும், 'ஓ... வர்றேனே!' என்று ஒரு வார்த்தை. நேற்றுவரை அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கியவர், அடுத்த மாசம் ஏழு மலை ஏறக் கிளம்பிவிடுகிறார்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களான நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நம்ம ஊர் தட்டையான ஊர். ஏரிகளும் வயல்களுமாக இருந்த பூமி. இங்கே மேடு என்றால் ஏரிக்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். ஊட்டிக்காரருக்கும் ஏற்காட்டுக்காரருக்கும் கடைக்குப் போய் வந்தாலே ஏற்றமும் இறக்கமும் பழகிவிடும். நம் கால்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அதனால் மலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக ஏறுங்கள். ஆனால், அதற்கு ஒரு முழு வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் ஒரு வருஷம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உடம்பில் மூன்று கடிகாரங்கள்

நடக்க ஆரம்பித்ததும் உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் பலப்படுகிறது என்று நினைக்கிறோம். அதுதான் தப்பு.

முதலில் பலப்படுவது மூச்சும் இதயமும். தினமும் ஒழுங்காக நடந்தால் நாலு முதல் ஆறு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரியும். முன்பு இருபது நிமிஷத்தில் களைத்தவர் இப்போது நாற்பது நிமிஷம் சிரித்துப் பேசிக்கொண்டே நடப்பார்.

அடுத்தது தசை. தொடையும் கெண்டைக்காலும் கெட்டிப்பட இரண்டு, மூன்று மாசம் வேண்டும்.

கடைசியாகத்தான் ஜவ்வும், தசைநார்களும், எலும்பும். தசையில் ரத்த ஓட்டம் அதிகம். ஜவ்விலும் தசைநாரிலும் மிகக் குறைவு. அதனால் இவை புதுப் பாரத்துக்குப் பழக ஆறு மாசம், அதற்கு மேலும்கூட ஆகும். நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் நடக்கும்.

இப்போது சிக்கல் எங்கே என்று புரிகிறதா? மூன்றாவது மாசம் மூச்சு 'நான் ரெடி' என்று சொல்லிவிடும். முழங்கால் ஜவ்வும் குதிகாலும் இன்னும் பாதி வழியில் நிற்கும். அவரோ மூச்சை நம்பி மலைக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்து, 'நல்லாத்தான் சார் ஏறினேன்... இறங்கினதிலேர்ந்து முட்டியை மடக்க முடியலே' என்கிறார். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்கிறது என்று வருகிறவர்களைக் கேட்டாலும், பலர் நடையைத் திடீரென்று இரண்டு மடங்கு ஆக்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே, மூச்சு வாங்காததை மட்டும் வைத்து மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூட்டையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

ஏறுவது இதயத்துக்குச் சோதனை... இறங்குவது முட்டிக்கு!

படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. ரத்தம் நிறையத் தேவைப்படுவதால் இதயம் வேகமாக அடிக்கும். இறங்கும்போது கதையே வேறு. அதே தசை நீண்டுகொண்டே 'பிரேக்' பிடிக்க வேண்டும். மூச்சு வாங்காததால் சுலபம் என்று தோன்றும். ஆனால் படி இறங்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழுகிற பாரம், நம் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 70 கிலோ எடை உள்ளவருக்கு 200 கிலோவுக்கு மேல்! ஆயிரம் படி இறங்கினால் எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல சேதியும் உண்டு. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு மூன்று கிலோவுக்கு மேல் மிச்சம்.

மலை இறங்கிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை கல்லாக இறுகி வலிப்பதற்குக் காரணம், இந்தப் 'பிரேக்' வேலைதான். பயப்பட வேண்டாம். மூன்று, நாலு நாளில் தானே போய்விடும். ஆனால், மூட்டுக்குள்ளே வலித்தாலோ, வீங்கினாலோ, கால் மடங்கி விழப்போவது போலிருந்தாலோ அது தசை வலி அல்ல. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கிளம்புமுன் ஒரு 'செக்'

கோவை வெள்ளியங்கிரி மலை, பிப்ரவரியிலிருந்து மே வரை பக்தர்களுக்குத் திறந்திருக்கும். 2024 மார்ச் மாதம் ஓரிரு நாள் இடைவெளிக்குள் அங்கே மூன்று பக்தர்கள் மலையேறும்போது இறந்துபோனார்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு போன்ற பிரச்னை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. பக்தியில் குறை இல்லை. ஆனால் ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்குச் செங்குத்தான ஏற்றமும், தூக்கமில்லாத இரவும், மேலே அடிக்கிற குளிர்காற்றும் சேர்ந்துகொண்டால் தாங்காது. மலை உச்சிக்கு ஆம்புலன்ஸும் வராது.

ஆகவே நாற்பது வயசைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயசில் மாரடைப்பு வந்திருப்பவர்கள்... எல்லாரும் நடக்கத் தொடங்குமுன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். இதய மருத்துவர் 'டிரெட்மில்' சோதனை செய்யச் சொன்னால் அதையும் செய்துகொள்ளுங்கள். 'என்ன... சித்த வைத்தியர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்றாரே!' என்று ஆச்சரியப்படாதீர்கள். நாடி பார்த்துத் தெரிய வேண்டியது ஒன்று, ஈ.சி.ஜி.யில் தெரிய வேண்டியது இன்னொன்று.

பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. 12 கிராமுக்குக் கீழே இருந்தால், மூச்சு வாங்குவதற்கு உடற்பயிற்சி இல்லாதது மட்டுமே காரணம் ஆகாது. முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கேழ்வரகு, நெல்லிக்காய் எல்லாம் உணவில் வரட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள். அது இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். ரொம்பக் குறைவாக இருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

ஆறு பருவம்... ஆறு பாடம்!

சித்த மருத்துவக் கல்லூரியில் நோய் வராமல் காத்துக்கொள்வதற்கென்றே ஒரு பாடம் உண்டு. நாள் ஒழுக்கம், கால ஒழுக்கம் என்று அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கும். வருஷத்தை இரண்டிரண்டு மாசமாக ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, எந்தக் காலத்தில் எப்படி உண்பது, எப்படி உழைப்பது என்று பெரியவர்கள் வகுத்து வைத்தார்கள். மலையேறப் பழகுவதற்கும் அதே கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆவணியில் தொடங்குவோம்.

கார் காலம் (ஆவணி, புரட்டாசி) - தரை

மலையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தட்டையான இடத்தில் நடை மட்டும். ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதை இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏரிக்கரை, பூங்கா, வண்டி அதிகமில்லாத உள் தெரு... எதுவானாலும் சரி. முதல் வாரம் 15 நிமிஷம். பிறகு வாரா வாரம் இரண்டு, மூன்று நிமிஷம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது மாச முடிவில் வாரத்தில் ஐந்து நாள், தினம் 30 நிமிஷம் வந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட வருகிறவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அவ்வளவுதான் சோதனை.

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள் தூக்கத்தைத் தியாகம் செய்து நடக்க வேண்டாம். தூங்கி எழுந்து சாயங்காலம் நடங்கள்.

கூதிர் காலம் (ஐப்பசி, கார்த்திகை) - வீட்டுப் படி

மழைக்காலம். 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த நமக்கு மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கின தண்ணீரில் 'வாக்கிங்' போகாதீர்கள். காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உள்ளே போய்விடும்.

இந்த இரண்டு மாசத்துக்கு மாடிப்படிதான் உங்கள் மலை. சாதாரணமாக ஒரு மாடிக்கு 20 படி வரும். மூன்றாவது மாடிவரை 60 படி. ஆறு தடவை ஏறினால் 360... கிட்டத்தட்ட ஒரு திருத்தணி! முதல் வாரமே ஆறு தடவை வேண்டாம். ஒன்றில் தொடங்கி, இரண்டு மாசத்தில் ஆறுக்கு வாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். லிஃப்ட் உள்ள அபார்ட்மென்டில் இருப்பவர்கள் முதல் ஒரு மாசம் ஏறுவதற்குக் காலையும், இறங்குவதற்கு லிஃப்டையும் வைத்துக்கொள்ளலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் பழகுங்கள்.

கூடவே மூன்று பயிற்சிகள். பிள்ளையாருக்குப் போடுகிறோமே தோப்புக்கரணம், அதைப் பாதி வரை மடங்கி, தினம் பத்து. முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தால் போதும். அடுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது, பதினைந்து தடவை. மூன்றாவது, மாங்காட்டு அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தாளே... அதுபோல ஒற்றைக்காலில் அரை நிமிஷம், கால் மாற்றி இன்னொரு அரை நிமிஷம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். கரடுமுரடான பாதையில் கால் பிசகாமல் காப்பாற்றுவது இந்தப் பயிற்சிதான்.

முன்பனிக் காலம் (மார்கழி, தை) - முதல் மலை

நாலு மாசம் ஆயிற்று. இப்போது நிஜமான மலை. பூந்தமல்லிக்காரர்கள் தினமும் போகிற மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டின் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறதே! பரங்கிமலை. சுமார் 300 அடிதான். அதில் ஆரம்பியுங்கள். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் திருநீர்மலையும் இருக்கிறது. இரண்டு, மூன்று வாரம் கழித்துத் திருத்தணி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் மின்சார ரயிலிலேயே ஏறி உட்கார்ந்துவிடலாம். 365 படி. தை கடைசியில் திருக்கழுக்குன்றம், சுமார் 565 படி.

இந்தப் பருவத்தில் நேரத்தைப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் அதிகமானால் என்ன? ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு சமப்பட்ட பிறகு ஏறுங்கள். மார்கழிப் பனியில் அதிகாலையில் மூச்சு இழுக்கிற 'வீசிங்' உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். 'இன்ஹேலர்' சட்டைப் பையில் இருக்கட்டும்.

பின்பனிக் காலம் (மாசி, பங்குனி) - தூரமும் உயரமும்

இப்போது உடம்புக்கு இரண்டு கேள்விகள் கேட்கலாம். தூரம் தாங்குகிறதா? அதற்குத் திருவண்ணாமலை கிரிவலம். 14 கி.மீ., தார் ரோடு, பெரிய ஏற்றம் கிடையாது. பௌர்ணமிக் கூட்டத்தில் நம் வேகத்தில் நடக்க முடியாது என்பவர்கள் சாதாரண நாளில் போகலாம். ஆனால், அதற்கு முன்னால் நம்ம ஊரிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமை 8 கி.மீ., 10 கி.மீ. என்று நடந்து பார்த்திருக்க வேண்டும்.

உயரம் தாங்குகிறதா? அதற்குச் சோளிங்கர். யோக நரசிம்மர் இருக்கிற பெரிய மலைக்கு 1,305 படி. வீட்டுக் கணக்கில் சொன்னால், மூன்றாவது மாடிக்கு 22 தடவை! 2024-லிருந்து அங்கே ரோப்கார் ஓடுகிறது. என் யோசனை, முதல் தடவை நடந்து ஏறுங்கள், ரோப்காரில் இறங்குங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். முட்டியும் நன்றி சொல்லும். அங்கே குரங்குகள் அதிகம். கையில் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இளவேனில் (சித்திரை, வைகாசி) - ஓய்வும் ஒரு பாடம்

கத்திரி வெயில் காலம். மலை வேண்டவே வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்குள் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பும் நடை மட்டும் போதும். 'எட்டு மாசம் பாடுபட்டது வீணாகிடுமே' என்று பதற வேண்டாம். வாரம் மூன்று நாள் நடந்தாலே, சேர்த்த பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜவ்வுக்கும் எலும்புக்கும் இந்த ஓய்வு மருந்து மாதிரி. மோர், இளநீர், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு என்று உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதுவேனில் (ஆனி, ஆடி) - பெரிய மலை

ஆனியில் மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் திருத்தணி. ஆடிக்கிருத்திகையன்று காவடிகளோடு ஊரே திருத்தணியில் இருக்கும். பயிற்சிக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி கடைசியில் திருப்பதி. அலிபிரி பாதையில் 3,550 படிகள். வழி நெடுகப் பெரும்பகுதி கூரை, தண்ணீர், உட்கார இடம் எல்லாம் இருப்பதால் புதியவர்களின் முதல் பெரிய மலைக்கு ஏற்றது. அதிகாலையில் கிளம்பினால் நாலு, ஐந்து மணி நேரம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்துபோனாள். குழந்தைகளோடு போகிறவர்கள் தேவஸ்தானம் சொல்கிற நேரத்தில், கூட்டத்தோடு சேர்ந்தே போங்கள். இறங்குவதற்கு பஸ் இருக்கவே இருக்கிறது.

வெள்ளியங்கிரி? இந்த வருஷம் முழுவதும் ஒழுங்காகப் பழகினால், அடுத்த மாசி, பங்குனியில் நீங்களே முடிவு செய்வீர்கள். அதுவரை அந்த மலை எங்கேயும் போய்விடாது!

காட்டு மலைக்குத் தனியாகப் போகாதீர்கள்

படிக்கட்டு மலை வேறு, காட்டுப் பாதை வேறு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானதை மறக்க முடியுமா? அவர்களில் பலர் சென்னையிலிருந்து போன இளம் வயசுக்காரர்கள். காட்டுக்குள் உடல்பலம் மட்டும் போதாது. அனுமதியும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பதிவு செய்துகொள்ளலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாசங்களில் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. இணையத்தில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து, முள்வேலி தாண்டிப் போவது சாகசம் அல்ல.

மருந்துப் பெட்டியும் அடுப்பங்கரையும்

'டாக்டர், முட்டி பலத்துக்கு ஏதாவது லேகியம் குடுங்களேன்' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லேகியம் மலை ஏறாது. நீங்கள்தான் ஏற வேண்டும்! நம் அடுப்பங்கரையிலேயே துணைக்கு நிறைய இருக்கிறது.

முடக்கறுத்தான் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசையாக வாரம் ஒரு தடவை சாப்பிடலாம். பிரண்டைத் துவையல் பழையகாலத்திலிருந்தே எலும்புக்கு நல்லது என்று சொல்லப்படுவது. இளசான தண்டாகப் பார்த்து, நார் எடுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. தசை வளரப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று தினமும் வேண்டும்.

வாரம் இரண்டு தடவை நல்லெண்ணெய்க் குளியல் நல்லது. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் மலையேறக் கூடாது. அன்றைக்கு உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

மலை இறங்கிய பிறகு தசை வலித்தால், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். கவனம்! கால் பிசகி, உடனே வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். காலை உயர்த்தி ஓய்வாக இருங்கள். ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

மலைக்குப் போகிற அன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு, மூன்று இட்லி போதும். வழியில் கடலை மிட்டாய், வாழைப்பழம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு மடக்குத் தண்ணீர். வியர்வை கொட்டுகிறவர்கள் உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சை ஜூஸோ எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு...

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, விரதம் என்று வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது... இவை அதன் அறிகுறி. உடனே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். 'நடக்க ஆரம்பிச்சுட்டேனே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரை அளவு குறையக் குறைய, உங்கள் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார்.

கோயில் படிகளில் வெறுங்காலோடு ஏறுவது நம் வழக்கம். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்களுக்குச் சுடுகல்லும் தெரியாது, முள்ளும் தெரியாது. பத்து மணிக்கு மேல் கருங்கல் படி என்ன சூடு சுடும் என்று தெரியும்தானே? காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். கனமான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு உட்பட நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள்.

புடவை கட்டிக்கொண்டு ஏறுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது கொசுவம் காலில் தட்டி விழுவது அடிக்கடி நடக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுடிதாரே மேல். இறங்கும்போது எல்லாருமே சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குங்கள். முன்னால் போகிற பிள்ளைகளோடு போட்டி வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம்... அந்த வலி தோள், இடது கை, தாடை பக்கம் பரவுவது... ஐந்து நிமிஷம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத் திணறல்... தலைச்சுற்றல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை... இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். 'இன்னும் நூறு படிதானே' என்று ஏறவே கூடாது. 'வாயுவாக இருக்கும்' என்று நீங்களாக முடிவு செய்து சோடா குடிக்கவும் கூடாது. கூட வந்தவர்களிடம் சொல்லுங்கள்; 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் பெறுமானம் உள்ளது. தனியாக மலையேறாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக ஒரு சின்ன யோசனை. வீட்டு தினசரிக் காலண்டரில் தேதி கிழிக்கிறோம் இல்லையா? கிழிக்குமுன் அந்தத் தாளிலேயே அன்றைக்கு நடந்த நிமிஷத்தையும், ஏறின படியையும், எங்கே வலித்தது என்பதையும் பேனாவால் எழுதுங்கள். கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள். ஒரே இடம் தொடர்ந்து மூன்று நாள் வலித்திருந்தால் அந்த வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி. இன்றைய தாளில் '15 நிமிஷம்' என்று எழுதினால் போதும்.